சுண்ணாம்புக்கு மணக்காத உரம்

1961ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் வத்தலக்குண்டு நைனா முகமதுவின் உரக்கடையில் வெளிநாட்டு யூரியா முதன்முதலாக இறங்கியது. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, ரயிலில் கொடை ரோடு ஸ்டேஷன் சேர்ந்து, அங்கிருந்து லாரியில் ஏறி வந்த சரக்கு. சாக்குகளின்மேல் இருந்த எழுத்தை ஊரில் யாராலும் படிக்க முடியவில்லை.

மறுநாளே அது போலி என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

சோலைமுத்துவுக்கு அந்தச் செய்தி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிடைத்தது. அவர் பிளாக் ஆபீசில் விவசாய அதிகாரி. உரக்கடைகளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது. மழை விட்டிருந்த காலை நேரம். சைக்கிளில் ஏறி மிதித்த தூரத்தைவிடச் சேற்றில் தள்ளிக்கொண்டு நடந்த தூரமே அதிகம் என்பதால், வேட்டியின் கீழ்ப்பாதி சகதியாக இருந்தது.

"என்ன சார், பாய் கடைக்கு உப்பு மூட்டை வந்திருக்காமே?" என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன். "வெஞ்சனத்துக்கு ஆகுமான்னு கேட்டுச் சொல்லுங்க, எனக்கும் ஒரு மூட்டை வாங்கிப் போடுறேன்."

"யாரு சொன்னது உப்புன்னு?"

"ஊரே சொல்லுது. சுண்ணாம்புக்கு மணக்கலையாம்ல."

சோலைமுத்து பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சுண்ணாம்புச் சோதனை அவர் கொண்டுவந்தது. சில வருஷங்களுக்கு முன் அம்மோனியம் சல்பேட் உரத்தில் உப்பைக் கலந்து விற்கிற வியாபாரம் இந்தப் பக்கம் பெருகியிருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடி. கலப்படத்தை வயலில் போட்டவர்கள் பயிர் கருகின பிறகுதான் தலையில் கை வைத்தார்கள். அப்போது அவர் ஊர் ஊராகப் போய்ச் சாவடிகளில் ஆட்களைக் கூட்டி ஒரு வழி காட்டினார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உரம், அதன்மேல் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு ஒரு விரல், இரண்டு சொட்டுத் தண்ணீர். தேய்த்து மோந்து பார்த்தால் நல்ல உரம் மூக்கைச் சுள்ளென்று குத்தும், கண்ணில் நீர் வரும். உப்பு சும்மா இருக்கும்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் சொல்லி ஜனங்கள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். வரிசை நடவை ஒரு போகத்தோடு விட்டுவிட்டார்கள். அவர் வெட்டச் சொன்ன எருக்குழிகளில் கோழிகள் முட்டையிட்டன. சுண்ணாம்பு மட்டும் நிலைத்தது. வெற்றிலைக் கொடிக்கால் நிறைந்த ஊர்ப்பக்கம், சுண்ணாம்பு இல்லாத மடியே கிடையாது. கடைக்காரர்களே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்பு டப்பாவை வைக்க ஆரம்பித்தார்கள். மோந்து பார்க்காமல் மூட்டை தூக்குகிறவனை, "பொண்ணு பாக்காமத் தாலி கட்டுறவன்" என்று கேலி பேசினார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம், "எங்க பிள்ளையச் சுண்ணாம்பு போட்டு மோந்து பாத்துட்டீகளா?" என்று ஒரு கிழவர் கேட்டதாகவும் பேச்சு உண்டு.

கடை வாசலில் நைனா முகமது நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கடையில் ஓர் ஆள்கூட இல்லை.

"வாங்க சார்," என்றார். "நீங்க சொல்லிக் குடுத்த வித்தை எனக்கே சூனியமாப் போச்சு."

"ஒரு மூட்டையைப் பிரிங்க பாய்."

மூட்டைக்குள் இருந்தது சல்பேட்டைப் போல் பொடியாக இல்லை. ஜவ்வரிசியைவிடச் சிறிய வெள்ளை மணிகள். கையில் அள்ளியபோது சில்லென்றிருந்தது. சோலைமுத்து டப்பாவிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோனார். சுண்ணாம்பு வாசம்தான் வந்தது.

இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். யூரியாவின் சத்து உடனே ஆவியாகாது, மண்ணில் கிடந்து ஈரத்தில் மாறின பிறகுதான் அந்த நெடி வரும் என்று மேலாபீஸ் சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். தெரிந்திருந்தும், மூக்கு எதிர்பார்த்தது வராமல் போனபோது மனசு ஒரு கணம் சறுக்கியது. சுற்றறிக்கையின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. சில கப்பல் சரக்கில் பயிரைக் கருக்கக்கூடிய ஒரு கழிவு அளவுக்கு மேல் இருக்கலாம், ஆய்வாளர்கள் கவனமாக இருக்கவும்.

"நல்ல சரக்குன்னு நாலு பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். அது போதும்."

"சொல்லலாம் பாய். இந்தச் சாக்குல இருக்கிறது அதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"யா அல்லா! ஆபீசரே பாத்ததில்லையா?" நைனா முகமது சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதை வெளியில சொல்லிடாதீங்க சார், புண்ணியமாப் போகும்."

அப்போது சண்முகவள்ளி வந்தாள். கூடவே அவள் ஊர்க்காரன் பொன்னழகும், இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். எல்லாரும் சேவுகம்பட்டிக்காரர்கள்.

சண்முகவள்ளியைப் பார்த்ததும் சோலைமுத்துவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சோதித்தவள் இவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாபாரியின் கலப்படத்தைச் சுண்ணாம்பு போட்டுப் பிடித்துக் கொடுத்தவளும் இவள்தான். அந்த ஆளின் லைசென்ஸ் போயிற்று. ஒரு கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தம்மா மாதிரி எல்லாரும் இருக்கணும்" என்று சோலைமுத்துவே பேசியிருந்தார். அதிலிருந்து அவள் மோந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் சேவுகம்பட்டியில் உரம் விலைபோகும்.

"கும்புடுறேங்கய்யா," என்றாள். "நல்லவேளை, நீங்களே வந்துட்டீக. பாத்தீகளா?"

"பாத்தேன் ஆத்தா. இது யூரியா. இது சுண்ணாம்புக்கு மணக்காது."

"உப்பும்தான் மணக்காது," என்றான் பொன்னழகு. யாரோ சிரித்தார்கள்.

"இது வேற உரம்யா. சல்பேட்டைவிட ரெண்டு பங்கு சத்து. அரை மூட்டை போட்டாப் போதும்."

"அரை மூட்டை போட்டாப் போதும், மணக்கவும் செய்யாது. கொஞ்சம் விட்டா, போடவே வேணாம், நெனச்சாலே போதும்னு சொல்லுவீக போல," என்றான் பொன்னழகு.

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். சண்முகவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்க நேரமில்லை என்பது சோலைமுத்துவுக்குத் தெரியும். அவள் புருஷன் மலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவன், மாதத்துக்கொரு தரம் இறங்கி வருவான். கண்மாய்க்குக் கீழே அவள் குத்தகைக்குப் பிடித்திருந்த வயலில் போன போகம் பூச்சி விழுந்து பாதி பதராகியிருந்தது. இந்தப் போகமும் குத்தகை நெல்லை முழுசாக அளக்காவிட்டால் வயலை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக நிலக்காரர் சொல்லிவிட்டார். பயிர் இப்போது தூர் கட்டி நின்றது. நிறம் வெளுத்திருந்தது. தண்டுக்குள் கதிர் உருள்வதற்குள் மேலுரம் விழவேண்டும், விழாவிட்டால் பிறகு எதைக் கொட்டியும் பயன் இல்லை. சல்பேட்டோ ஜில்லா முழுக்கத் தேடினாலும் இல்லை.

சோலைமுத்து டீக்கடையிலிருந்து ஓர் இரும்புக் கரண்டியும் ஒரு சட்டியில் கொஞ்சம் நெருப்பும் கொண்டுவரச் சொன்னார். கரண்டியில் யூரியாவைப் போட்டு நெருப்பில் காட்டினார். மணிகள் கண்ணாடிபோல் உருகின.

"பாருங்க. உப்பா இருந்தா வெடிக்கும். இப்படி உருகாது."

"படிகாரம் உருகும்ல?" என்றாள் சண்முகவள்ளி. எகத்தாளமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "வெள்ளிக்கிழமையானா பிள்ளைக்குச் சுத்தி நெருப்புல போடுறோமே. அது இப்படித்தான் இளகி வரும்."

"படிகாரம் பொங்கும். இது பொங்கலை பாரு. இப்ப மோந்து பாரு, நெடி வருதா?"

அவள் குனிந்து மோந்தாள். முகத்தைச் சுளித்தாள். "வருது. அந்த நெடிதான்."

"சுட்டாச் செருப்புகூடத்தான் நாறும்," என்றான் பொன்னழகு. "ஏன்யா, சூடுகாட்டாமப் பச்சையா மோந்தாத்தான் நெசம்னு நீங்கதான சாவடியில சொன்னீக? அன்னைக்கு நான் முன்னாடியே உக்காந்திருந்தேன்."

சோலைமுத்து அப்படிச் சொல்லியிருந்தார். கலப்படக்காரர்கள் அடுப்பில் காட்டி ஏமாற்று வித்தை செய்கிறார்கள் என்று அந்நாளில் புகார் வந்ததால் சொன்னது. அதை இப்போது விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கே கேட்க அலுப்பாக இருந்தது.

சண்முகவள்ளி கையில் ஒட்டியிருந்த மணிகளைத் தட்டிவிட்டாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, எனக்கு இம்புட்டுப் பேச்சு வேணாம். போடவா, வேணாமா? நீங்க போடுன்னா இப்பவே தூக்கிட்டுப் போறேன். இவுகளும் போடுவாக."

நைனா முகமது சோலைமுத்துவின் வாயையே பார்த்தார்.

சோலைமுத்துவின் மனதில் சுற்றறிக்கையின் கடைசி வரி ஓடியது. சரக்கு யூரியாதான் என்பதில் இப்போது அவருக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அந்தக் கழிவு எவ்வளவு என்பதைத்தான் கரண்டியும் நெருப்பும் சொல்லாது. போட்டுக் கருகினால் இவள் வயல் மட்டுமல்ல, இங்கே நிற்கிற அத்தனை பேர் வயலும் போகும்.

"நல்ல சரக்காத்தான் இருக்கணும்," என்றார். "கோயமுத்தூர் லேப்ல பாத்துச் சொன்னாத்தான் உறுதியாச் சொல்லமுடியும்."

"இருக்கணும்னா?"

"எனக்கு அப்படித்தான் நெனப்பு."

"உங்க நெனப்பை நான் வயல்ல வெதைக்க முடியாதுய்யா," என்றாள் சண்முகவள்ளி. மெதுவாகத்தான் சொன்னாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"ஒரு வார்த்தை சார்," என்றார் நைனா முகமது. "ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு வாய் வரலையே."

அந்த வாரக் கடைசியில் மனு போயிற்று. போலி உரம் விற்பதாகச் சேவுகம்பட்டி விவசாயிகள் திண்டுக்கல்லுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். சோலைமுத்துவை வரச்சொல்லி ஆள் வந்தது. பஸ்ஸில் நின்றபடி திண்டுக்கல் போய்ச் சேர்ந்து, மேலதிகாரியின் அறைக்கு வெளியே நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கமிருந்து நாற்றக் காற்று அடித்தபோதெல்லாம் பியூன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான், காற்று நின்றதும் திறந்தான்.

அதிகாரி சோலைமுத்துவைவிட வயதில் சின்னவர். கெட்டவர் இல்லை. அவர் மேஜையிலும் மனுக்கள் குவிந்திருந்தன.

"சாம்பிள் எடுத்து அனுப்பிடுங்க. முடிவு வர்ற வரைக்கும் விற்பனையை நிறுத்துங்க. சட்டம் அதுதானே."

"முடிவு வர்றதுக்குள்ள பயிர் கதிராயிடும் சார். சல்பேட் கொஞ்சம் ஒதுக்கினா..."

"சல்பேட்டா? வெளிநாட்டுச் செலாவணி பத்தலைன்னுதானே, மூட்டைக்கு ரெண்டு பங்கு சத்துன்னு இதை வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. எங்கிட்ட என்ன இருக்கு? வேணும்னா இந்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போங்க." சொல்லிவிட்டு அவரே சோர்வாகச் சிரித்தார். "அந்தச் சுண்ணாம்பு சமாசாரம் உங்க யோசனைதானாமே? போன வருஷம் ரிப்போர்ட்ல பாராட்டி எழுதியிருந்தோம்."

சோலைமுத்து எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மழையில் சாம்பிள் எடுக்கக்கூடாது. சரக்கு ஈரம் குடித்தால் லேப்பில் கணக்குத் தப்பும். வானம் வெளுக்கும்வரை காத்திருந்தார். வெயில் வந்த முதல் நாளில் நைனா முகமது மூட்டைகளை அடுக்கியிருந்த கிட்டங்கிக்குப் போய், நீளமான குழாய் ஊசியைச் சில மூட்டைகளில் குத்தி, உள்ளே இருந்ததை உருவி எடுத்து ஒன்றாகக் கலந்து, மூன்று புட்டிகளில் அடைத்து அரக்கு வைத்தார். ஒன்று கோயமுத்தூருக்கு, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று கடைக்காரருக்கு. கிட்டங்கிக் கதவிலும் பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்.

"மையத்தை அடக்குறதுக்குத் துணி சுத்துற மாதிரி சுத்துறீங்களே சார்," என்றார் நைனா முகமது. அவர் கையில் அவருடைய பங்குப் புட்டி இருந்தது.

குழாயின் அடியில் ஒட்டியிருந்த ஒரு பிடியளவு மணிகளைச் சோலைமுத்து காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார். பிளாக் ஆபீசின் பின்புறம் வாட்ச்மேன் போட்டிருந்த கீரைப் பாத்தியில் ஒரு மூலையில் மட்டும் அதைத் தூவித் தண்ணீர் விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக அங்கே போய்ப் பார்ப்பார். முதல் சில நாட்கள் எதுவும் தெரியவில்லை. பிறகு அந்த மூலை மட்டும் கரும்பச்சை ஏறத் தொடங்கியது. இலைகள் அகன்று, தண்டு தடித்து, மற்றக் கீரையைவிட நாலு விரல் உயரமாக நின்றது. ஓர் இலைகூடக் கருகவில்லை.

"இந்த மூலைக்கு மட்டும் என்ன சார் வந்துச்சு?" என்றான் வாட்ச்மேன். "பூனை கீனை செத்துக் கெடக்குதா?"

சோலைமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு சேவுகம்பட்டிக்குப் போனார்.

சண்முகவள்ளி வயலில் இருந்தாள். கடலைப் புண்ணாக்கைத் தூளாக்கிச் சாம்பலோடு கலந்து கூடையிலிருந்து வீசிக்கொண்டிருந்தாள். புண்ணாக்கு கொஞ்சமாகத்தான் இருந்தது, சாம்பல்தான் பறந்தது. வரப்பில் அவரைக் கண்டதும் கூடையை இறக்கினாள்.

"அந்த உரம் நல்ல உரம்தான் ஆத்தா," என்றார் சோலைமுத்து. "நான் போட்டுப் பாத்துட்டேன். கருகலை. போட்டிருக்கலாம்."

"எங்க போட்டுப் பாத்தீக?"

"கீரையில."

அவள் வரப்பில் ஏறினாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்குத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. நான் உங்களைத்தான கேட்டேன்." கோபம் இல்லாத குரல். "சரி, போகட்டும். இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும் இந்தப் பயிரு. ஒரு மூட்டை எடுத்துக் குடுங்க. நான் போட்டா ஊரே போடும். பொன்னழகு வாயை நான் அடைக்கிறேன்."

"கிட்டங்கி சீல் வச்சிருக்கு."

"சீலு யாரு வச்சது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே எடுங்க."

"புட்டியில எடுத்து லேப்புக்கு அனுப்பியிருக்கேன், முடிவு வராம எடுத்தா எனக்கு வேலை போகும். பாய்க்கு லைசென்ஸ் போகும். மனுவில உன் கைநாட்டும் இருக்கு ஆத்தா."

"இருக்கத்தான் செய்யுது." அவள் பயிரைப் பார்த்தாள். மஞ்சள் பாரித்த தோகைகள் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. "அப்ப அந்தப் புட்டியாவது குடுங்க. பச்சைப்பிள்ளைக்குச் சங்குல ஊத்துற மாதிரி ஒவ்வொரு தூருக்கும் ஊத்துறேன்."

பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சண்முகவள்ளிக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மறுபடி வயலில் இறங்கினாள்.

சோலைமுத்து திரும்பி வந்து கோயமுத்தூருக்குத் தந்தி கொடுத்தார். ஏற்கனவே வந்திருக்கும் சாம்பிள்கள் வரிசைப்படிதான் பார்க்கப்படும் என்று கார்டில் பதில் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் நைனா முகமதுவின் கிட்டங்கி வாசலில் நின்று அந்த அரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் நகத்தால் கீறினால் உதிர்ந்துவிடும் போலிருந்தது. உள்ளேயிருந்து நைனா முகமது வெளியே வந்து, அவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். "வேணாம் சார்," என்றார் கடைசியில். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது." இருவரும் போய் டீ குடித்தார்கள்.

அதே வாரத்தில் சேவுகம்பட்டிப் பக்கம் கதிர் வெளியே தலைகாட்டியது.

பரிசோதனை முடிவு பிப்ரவரி மாதம், அறுப்பு முடிந்த பிறகு வந்தது. சரக்கு யூரியாதான், சத்து சொன்ன அளவு இருந்தது, பயிருக்குக் கேடான கழிவு வரம்புக்குள் இருந்தது. விற்பனைத் தடையை நீக்கிச் சோலைமுத்து முத்திரையை உடைத்தார். மழை ஈரத்தில் மூட்டைகள் கல்லாக இறுகியிருந்தன. வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலைக்காரர்கள் சிலர் வந்து, உலக்கையால் உடைத்து எடுத்துப் போனார்கள்.

கண்மாய்க்குக் கீழே அந்த வருஷம் விளைச்சல் குறைவு. சண்முகவள்ளி கண்ட நெல் குத்தகைக்குப் போதவில்லை. சித்திரையில் வயல் வேறொருவருக்கு மாறியது. அவள் புருஷனோடு மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.